புது பிளேட் மாட்டியதும் நின்றுபோன டோல் கணக்கு

கேள்வி: வணக்கம் சார். சான் பிரான்சிஸ்கோ பக்கம் ஃப்ரீமாண்ட்டில் இருக்கிறேன். மென்லோ பார்க்கில் வேலை. வாரம் மூன்று நாள் டம்பார்ட்டன் பாலம் வழியாகப் போகிறேன். போன ஜூலையில், நாங்கள் மில்பிடாஸில் இருந்தபோது புது கார் வாங்கினோம். டீலர் கொடுத்த தற்காலிக நம்பரை வைத்து அன்றைக்கே டோல் கட்டுவதற்கு லைசென்ஸ் பிளேட் அக்கவுண்ட் திறந்து கிரெடிட் கார்டையும் சேர்த்துவிட்டேன். செப்டம்பரில் நிரந்தர பிளேட் தபாலில் வந்தது, என் கணவர் மாட்டினார். அந்த மாதக் கடைசியில் ஃப்ரீமாண்ட்டுக்கு வீடு மாறினோம். நவம்பரில், பழைய வீட்டில் இப்போது குடியிருப்பவர் டோல் சம்பந்தமாக ஏதோ கவர் வந்திருக்கிறது என்று ஃபோட்டோ அனுப்பினார். "டோல் பாக்கி, உடனே கட்டுங்கள்" என்று ஃபோனில் மோசடி மெசேஜ்கள் வந்துகொண்டே இருந்த நேரம் அது. இதுவும் அந்த ரகம்தான் என்று கிழித்துப் போடச் சொல்லிவிட்டேன். இப்போது இரண்டாவது நோட்டீஸ் வந்திருக்கிறது. அக்டோபரில் 11 முறை பாலம் கடந்ததற்கு டோல் 88 டாலர், பெனால்டி 165 டாலர், மொத்தம் 253 டாலர். அக்கவுண்டில் கார்டு இருக்கும்போது இது எப்படி? கட்டத்தான் வேண்டுமா? ஜூலையில் ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்க வேண்டும், அதில் சிக்கல் வருமா? பேசாமல், காரில் வைத்தால் டோல் தானாகக் கழியும் டேக் வாங்கிவிடலாமா? மே மாதம் அக்கா குடும்பம் வருகிறது. வாடகைக் கார் எடுத்து கோல்டன் கேட் பாலத்தைப் பார்க்கப் போவார்கள். அவர்களுக்கும் இப்படி ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், ஃப்ரீமாண்ட்)

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் டோல் கட்டாமல் ஏமாற்றியதாக இங்கே யாரும் நினைக்கவில்லை. கலிபோர்னியாவில் வாகனப் பதிவு சேவை நடத்துகிறவன் என்ற முறையில், ஒழுங்காகக் கார்டு கொடுத்து அக்கவுண்ட் வைத்திருப்பவர்கள் இதே மாதிரி நோட்டீஸை நீட்டிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் உட்காருவதை அடிக்கடி பார்க்கிறேன். அதிலும் புது கார் வாங்கி மூன்று நான்கு மாதம் ஆனவர்கள்தான் அதிகம்.

நடந்தது இதுதான். லைசென்ஸ் பிளேட் அக்கவுண்ட் என்பது உங்கள் பெயரோடு ஒட்டியது இல்லை, உங்கள் காரோடும் ஒட்டியது இல்லை. பிளேட்டில் இருக்கிற அந்த எழுத்துகளோடும் எண்களோடும் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது. நீங்கள் பாலத்தைக் கடக்கும்போது கேமரா பிளேட்டைப் படம் எடுக்கிறது. அந்த நம்பர் ஏதாவது அக்கவுண்டில் இருந்தால் அதிலுள்ள கார்டில் டோல் எடுக்கப்படும். இல்லையென்றால் அதே நம்பரை வாகனப் பதிவு அலுவலகமான டிஎம்வியிடம் கொடுத்து, பதிவான உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் வாங்கி இன்வாய்ஸ் அனுப்புகிறார்கள். உங்கள் அக்கவுண்டில் இருப்பது டீலர் ஒட்டிக் கொடுத்த காகித பிளேட்டின் நம்பர். 2019 ஜனவரியிலிருந்து கலிபோர்னியாவில் டீலரிடம் வாங்கும் வண்டிகளுக்கு இப்படி ஒரு தற்காலிக நம்பர் கட்டாயம். அது 90 நாளுக்குத்தான் செல்லும். உங்கள் கணவர் அதைக் கழற்றிவிட்டு உலோக பிளேட்டை மாட்டிய அன்றைக்கே, அக்கவுண்டைப் பொறுத்தவரை உங்கள் கார் வேறு காராகிவிட்டது. பழைய நம்பர் அங்கே இருக்கிறது, கார்டும் இருக்கிறது, ஆனால் அந்த நம்பரோடு எந்தக் காரும் பாலத்துக்கு வரவில்லை.

இதற்கு ஒரு அறிகுறி உங்கள் கையிலேயே இருந்திருக்கிறது. பிளேட் அக்கவுண்டில் முன்பணம் கிடையாது, ஒவ்வொரு முறை கடக்கும்போதும் கார்டில் பணம் போகும். செப்டம்பர் வரைக்கும் உங்கள் கார்டு ஸ்டேட்மெண்டில் வாரம் மூன்று வரி டோல் வந்திருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுமே வந்திருக்காது. தெரியாத செலவு ஒன்று ஸ்டேட்மெண்டில் வந்தால் உடனே கண்ணில் படும், வழக்கமான செலவு வராமல் போனால் யாரும் கவனிப்பதில்லை. அதனால் இனி மாதத்துக்கு ஒரு முறை டோல் வரி வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, முகவரி. வீடு மாறியதும் வங்கிக்குச் சொல்லியிருப்பீர்கள், ஆஃபீஸுக்குச் சொல்லியிருப்பீர்கள், குழந்தையின் பள்ளிக்கும் சொல்லியிருப்பீர்கள். அப்புறம் தபால் நிலையத்திலும் முகவரி மாற்றம் கொடுத்திருக்கலாம். இதில் எதுவும் டிஎம்விக்குப் போய்ச் சேராது. வீடு மாறிய 10 நாளுக்குள் டிஎம்விக்குத் தனியாகத் தெரிவிக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஆன்லைனில் சில நிமிட வேலைதான். டிரைவிங் லைசென்ஸுக்கு மட்டும் மாற்றிவிட்டு வண்டியை விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நிரப்பும்போது வண்டியையும் சேர்த்திருக்கிறோமா என்று பாருங்கள். இன்வாய்ஸ் மில்பிடாஸுக்குப் போனதும், நீங்கள் அதைத் திறந்து பார்க்காமல் போனதும் இந்த ஒரு விஷயத்தால்தான்.

அந்தக் கவரை மோசடி என்று நினைத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள். 2024 ஏப்ரலில் எஃப்பிஐயே இந்த டோல் மெசேஜ் மோசடி பற்றி நாடு முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மட்டும் 2000-க்கும் மேல் புகார்கள் வந்திருந்தன. இங்கே டோல் வசூலிக்கும் ஃபாஸ்ட்ராக்கின் பெயரிலும் அப்படி மெசேஜ்கள் சுற்றுகின்றன. ஆனால் அவை ஃபோனுக்கு வருகிறவை, லிங்க்கை அழுத்தச் சொல்கிறவை. காகிதத்தில் வருகிற நிஜ நோட்டீஸில் உங்கள் பிளேட் நம்பர், எந்தப் பாலம், எந்தத் தேதி, எத்தனை மணி என்று எல்லாம் இருக்கும். சந்தேகம் வந்தால் அதில் இருக்கும் க்யூஆர் கோடைக்கூட ஸ்கேன் செய்ய வேண்டாம். பிரௌசரில் நீங்களே பே ஏரியா ஃபாஸ்ட்ராக் டாட் ஆர்க் என்று டைப் செய்து உள்ளே போங்கள். நோட்டீஸ் எண்ணும் பிளேட் நம்பரும் போட்டால் அங்கே அதே கணக்கு தெரிய வேண்டும். தெரிந்தால் அது நிஜம்.

இனி பணத்துக்கு வருவோம். 88 டாலர் டோலை நீங்கள் கட்டத்தான் வேண்டும், அதில் பேச்சுக்கு இடமில்லை. பாலத்தைக் கடந்தீர்கள், அப்போதைய கட்டணம் 8 டாலர், 11 முறை. பெனால்டி விஷயம் வேறு. மாநிலத்துக்குச் சொந்தமான ஏழு பாலங்களில் (டம்பார்ட்டன், சான் மடேயோ, பே பிரிட்ஜ், ரிச்மண்ட், கார்க்கினெஸ், பெனிஷியா, அன்டியாக்) இன்வாய்ஸைத் தவறவிட்டால் முதல் நோட்டீஸில் ஒவ்வொரு கடப்புக்கும் 5 டாலர் சேரும். அதையும் தவறவிட்டால் இரண்டாவது நோட்டீஸில் அது 15 டாலராகும். 11 பெருக்கல் 15, அதுதான் உங்கள் 165. சில வருடங்களுக்கு முன் இதே தவறுக்கு 25 டாலர், 70 டாலர் என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் எழுநூறு எண்ணூறு டாலர் கட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். குறைத்தது நல்ல காரியம். ஆனாலும் டோலைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெனால்டி என்பது, கார்டை நம்பிக் கொடுத்துவிட்டு வந்த ஒருவருக்கு நியாயமாகப் படாதுதான்.

அதனால் கட்டுவதற்கு முன்னால் கேளுங்கள். ஃபாஸ்ட்ராக் வாடிக்கையாளர் மையத்தைக் கூப்பிட்டு, இன்ன தேதியிலிருந்து எனக்கு அக்கவுண்ட் இருக்கிறது, தற்காலிக நம்பர் பதிவாகியிருந்தது, நிரந்தர பிளேட் வந்ததும் மாற்ற விட்டுப்போயிற்று, கார்டு தடையில்லாமல் செல்லுபடியாகிற கார்டு என்று வரிசையாகச் சொல்லுங்கள். டோலை அக்கவுண்டிலிருந்தே எடுத்துக்கொண்டு பெனால்டியைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று நேராகக் கேளுங்கள். என்னிடம் வந்தவர்களில் இப்படிப் பொறுமையாகப் பேசிய பலருக்கு முழுதாகவோ பாதியோ குறைந்திருக்கிறது. டீலர் கொடுத்த விற்பனைக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய நம்பரும் புது நம்பரும் ஒரே காருக்கு உரியவை என்று காட்ட காரின் அடையாள எண்ணான விஐஎன் தேவைப்படும். ஃபோனில் மறுத்தால் எழுத்து மூலமாக ஆட்சேபிக்கும் உரிமை உண்டு. அதற்கான வழியும் கடைசித் தேதியும் நோட்டீஸிலேயே அச்சாகியிருக்கும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் எவ்வளவு நல்ல காரணமும் எடுபடாது, ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அக்டோபருக்கான நோட்டீஸ் மட்டும்தான். அதற்குப் பிறகும் வாரம் மூன்று நாள் அதே பாலத்தில், அதே பிளேட்டோடுதான் போய்க்கொண்டிருக்கிறீர்கள். நவம்பர், டிசம்பர், அதற்கு அப்புறம் உள்ளவை எல்லாம் இதே பாதையில் பின்னால் வந்துகொண்டிருக்கும். சில இன்வாய்ஸ் நிலையில் இருக்கும், சில முதல் நோட்டீஸ் ஆகியிருக்கும். ஒரு நோட்டீஸைக் கட்டிவிட்டு முடிந்தது என்று இருந்தால் அடுத்த மாதம் இன்னொன்று வரும். எனவே ஃபோனில் பேசும்போது நோட்டீஸ் எண்ணை மட்டும் சொல்லாமல், "இந்த பிளேட்டின் மேல் இன்றுவரை உள்ள எல்லாக் கணக்கையும் பாருங்கள்" என்று கேளுங்கள். இன்வாய்ஸ் நிலையில் இருப்பவற்றுக்குப் பெனால்டி இன்னும் சேர்ந்திருக்காது. அவற்றை அன்றைக்கே தீர்த்துவிடலாம். கூப்பிடுவதற்கு முந்தைய இரவே இணையத்தில் போய்ப் புது பிளேட்டை அக்கவுண்டில் சேர்த்துவிடுங்கள். மறுநாள் காலையில் கடக்கும் டோலாவது ஒழுங்காகக் கார்டில் போகட்டும்.

ரிஜிஸ்ட்ரேஷனுக்குச் சிக்கல் வருமா என்றால், வரும். இரண்டு நோட்டீஸுக்கும் பதில் இல்லாவிட்டால் பாக்கியை டிஎம்விக்கு அனுப்பி உங்கள் வண்டியின் பதிவைப் புதுப்பிக்க விடாமல் நிறுத்திவைக்கலாம், அல்லது வசூல் நிறுவனத்திடம் கொடுத்துவிடலாம். பதிவில் நிறுத்திவைத்தால் புதுப்பிப்புக் கட்டணத்தோடு இந்தத் தொகையும் தனி வரியாக வந்து நிற்கும். பலர் அதைப் பார்த்துத்தான் முதல் தடவையாக டோல் பாக்கி இருப்பதையே தெரிந்துகொள்கிறார்கள். அந்தக் கட்டத்தில் டிஎம்வி கவுண்டரில் போய் முறையிட்டுப் பயனில்லை. அவர்கள் பணத்தை வாங்கிக்கொள்வார்கள், ஆனால் ஒரு டாலரைக்கூடக் குறைக்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. மறுபடி டோல் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும், அங்கே தீர்ந்து டிஎம்விக்குத் தகவல் போகும் வரை காத்திருக்க வேண்டும். இதற்குள் பதிவு காலாவதியாகி, ரோட்டில் போலீஸ் நிறுத்தி டிக்கெட் கொடுத்த கதைகளும் உண்டு. உங்களுக்கு ஜூலை வரை நேரம் இருக்கிறது, இப்போதே பேசினால் அந்த நிலைக்குப் போகாது. ஒரே தடவையில் கட்ட முடியாத குடும்பங்களுக்கு, வருமானத்தைப் பொறுத்துத் தவணை முறையும் உண்டு. உங்களுக்கு வேண்டாம் என்றாலும் தெரிந்தவர் யாருக்காவது உதவும்.

டேக் வாங்கலாமா? வாரம் மூன்று நாள் பாலம் கடக்கிறவருக்கு வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். இந்த 2026 ஜனவரியிலிருந்து ஏழு பாலங்களிலும் காருக்கு 8.50 டாலர். டேக் வைத்திருந்தாலும் பிளேட் அக்கவுண்ட் என்றாலும் இன்வாய்ஸ் என்றாலும் இப்போதைக்கு ஒரே கட்டணம். 2027 ஜனவரியில் அது பிரிகிறது: டேக்குக்கு 9 டாலர், பிளேட் அக்கவுண்டுக்கு 9.25, இன்வாய்ஸ் வந்த பிறகு கட்டினால் 10. உங்கள் கணக்குக்கு மாதம் 12, 13 கடப்பு, வித்தியாசம் மூன்று டாலரைச் சுற்றி வரும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் நீங்கள் இருப்பது ஃப்ரீமாண்ட்டில். 880, 680 நெடுஞ்சாலைகளில் டோல் கட்டிப் போகும் எக்ஸ்பிரஸ் லேன் இருக்கிறது, பிளேட் அக்கவுண்ட் அங்கே செல்லாது. அவசரத்துக்கு ஒருநாள் அந்த லேனில் ஏறிவிட்டால் இன்னொரு நோட்டீஸ். கூட வேலை செய்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போகும் எண்ணம் இருந்தால், பாலத்தில் கார்பூல் பாதிக் கட்டணமும் டேக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான்.

டேக் வாங்கிவிட்டால் பிளேட்டை மறந்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். டேக்கைக் கருவி படிக்காமல் விடுகிற நாள் வரும். அன்றைக்குக் கேமரா உங்கள் பிளேட்டைத்தான் பார்க்கும். டேக் அக்கவுண்டில் சரியான பிளேட் நம்பர் இருந்தால் டோல் அதில் போய்விடும், இல்லாவிட்டால் இன்வாய்ஸ்தான். கார்டு காலாவதியாகி புது கார்டு வரும்போதும் இங்கே மாற்ற வேண்டும். அதையும் மறப்பவர்கள் நிறைய.

இந்தக் காரை என்றைக்காவது விற்கும்போது இதே விஷயம் தலைகீழாக வரும். கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போய்விடும், உரிமையாளரோடு வராது. எனக்குத் தெரிந்த ஒருவர் தன் பழைய காரை ஒரு கல்லூரி மாணவருக்கு விற்றார். பையன் தினமும் பே பிரிட்ஜ் வழியாக சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிறவன். நான்கு மாதம் அவன் டோல் முழுவதும் இவர் கார்டில் போயிருக்கிறது. மனைவி போகிறார் என்று இவர் நினைத்திருந்தார், இவர் போகிறார் என்று மனைவி நினைத்திருந்தார். பையனுக்கோ டோல் எப்படிக் கழிகிறது என்றே தெரியாது. காரை விற்ற அன்றே அக்கவுண்டிலிருந்து பிளேட்டை எடுத்துவிட வேண்டும். விற்ற 5 நாளுக்குள், வண்டி இனி என் பொறுப்பில் இல்லை என்ற படிவத்தை டிஎம்விக்கு ஆன்லைனில் அனுப்பவும் வேண்டும். டீலரிடம் கொடுத்தாலும் சரி, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடாமல் நீங்களே அனுப்புங்கள்.

உங்கள் அக்கா குடும்பத்துக்கு வருகிறேன். கோல்டன் கேட் பாலத்தில் 2013 மார்ச்சிலிருந்து பணம் வாங்க ஆளே கிடையாது. மற்ற ஏழு பாலங்களிலும் 2020 மார்ச்சில், கோவிட் வந்தபோது, காசு வாங்குவதை நிறுத்தினார்கள், திரும்ப ஆரம்பிக்கவில்லை. ஊரிலிருந்து வருகிறவர்கள் பர்ஸைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு டோல் பூத்தைத் தேடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நிற்காமல் போக வேண்டியதுதான். கோல்டன் கேட்டில் தெற்கு நோக்கி, சான் பிரான்சிஸ்கோவுக்குள் வரும்போது மட்டுமே டோல். சாசலிட்டோவுக்குப் போகும்போது கிடையாது, திரும்பும்போது உண்டு. 2025 ஜூலையிலிருந்து டேக்குக்கு 9.75 டாலர், பிளேட் அக்கவுண்டுக்கும் அக்கவுண்ட் இல்லாமல் கட்டும் ஒருமுறைக் கட்டணத்துக்கும் 10 டாலர், இன்வாய்ஸ் என்றால் 10.75. 2028 வரை ஒவ்வொரு ஜூலையிலும் 50 சென்ட் ஏறும் என்று முடிவு செய்திருக்கிறார்கள், அவர்கள் மே மாதமே வருவதால் இந்தக் கட்டணம்தான்.

வாடகைக் கார் நிறுவனங்கள் கவுண்டரில் தங்களுடைய டோல் திட்டத்தைச் சேர்க்கச் சொல்வார்கள். அதில் டோலுக்கு மேல் நாள் கணக்கில் ஒரு கட்டணம் இருக்கலாம், நீங்கள் கடந்தது ஒரே ஒரு பாலமாக இருந்தாலும். ஒப்பந்தத்தில் அந்தப் பகுதியை வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்ல முடிந்தால் சொல்லிவிட்டு, ஃபாஸ்ட்ராக் இணையதளத்தில் ஒருமுறைக் கட்டணம் கட்டிவிடலாம். அக்கவுண்ட் தேவையில்லை, பிளேட் நம்பரும் கார்டும் போதும். கடப்பதற்கு 30 நாள் முன்னாலிருந்து, கடந்த பிறகு 48 மணி நேரம் வரை கட்டலாம். அந்த 48 மணி நேரத்தை விட்டுவிட்டால் நோட்டீஸ் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் அக்கா கார்டில் எடுப்பார்கள். காரை எடுத்ததும் பிளேட்டை ஒரு ஃபோட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். பயணக் களைப்பில் அவர்கள் மறந்தாலும் நீங்கள் கட்டிவிடலாம்.

அந்த பிளேட்டை உங்கள் சொந்த அக்கவுண்டிலேயே சேர்ப்பதாக இருந்தால், காரைத் திருப்பிக் கொடுக்கும் தேதியையும் நேரத்தையும் அப்போதே முடிவுத் தேதியாகப் போட்டுவிடுங்கள். அவர்கள் ஏர்போர்ட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன அன்று மாலையே அந்தக் காரை வேறு யாராவது எடுத்துக்கொண்டு கோல்டன் கேட் பார்க்கக் கிளம்பியிருப்பார்கள்.